வன்னியில் இருந்து மெக்சிகோவுக்குக் கப்பலில் போகலாம்: கணவன் மனைவிக்கான செய்முறை

மெக்சிகோவுக்குப் போகும் உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவை அமெரிக்கத் துறைமுகத்தில் புறப்பட்டு, அங்கேயே திரும்பி வருகின்றன. ஆகவே நமக்கு முதல் வேலை அமெரிக்க வீசா. நானும் இவரும் போய் வந்த பிறகு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தெரிந்த சனம் கேட்கும் கேள்விகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கடவுச்சீட்டு எடுப்பது, இணையத்தில் விமான ரிக்கெற் பார்ப்பது எல்லாம் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

தொடங்க முதல் ஒன்று. யூடியூப்பில் மெக்சிகோ கப்பல் பயணம் பற்றிப் பேசுகிறவர்களில் பலர், "கடவுச்சீட்டே தேவையில்லை, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் போதும்" என்பார்கள். அது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் உள்ள சலுகை. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் அதை நம்பிப் போனால் துறைமுக வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

படி 1: ஒழுங்கை மாற்றாதீர்கள்

முதலில் வீசா, அதன்பின் கப்பல், அதற்கும் பின் விமானம். கப்பலில் மலிவு விலை போட்டிருக்கிறான் என்று வீசாவுக்கு முன்னரே காசு கட்ட வேண்டாம். வீசா விண்ணப்பத்தில் உத்தேசப் பயணத் திகதி கேட்பார்கள், அதை மட்டும் கொடுத்தால் போதும். வீசா கையில் வரும்வரை திரும்பப் பெற முடியாத எதையும் வாங்காதீர்கள் என்று தூதரகமே சொல்கிறது.

மெக்சிகோவுக்குத் தனி வீசா வேண்டாம். செல்லுபடியாகும் அமெரிக்க வீசா வைத்திருப்பவர்களை அந்த நாடு சுற்றுலாவுக்கு அப்படியே விடுகிறது. இது நமக்குப் பெரிய உதவி, ஏனென்றால் கொழும்பில் மெக்சிகோத் தூதரகம் இல்லை. புதுடில்லியில் உள்ள தூதரகம்தான் இலங்கையையும் சேர்த்துப் பார்க்கிறது.

படி 2: டிஎஸ்-160 படிவமும் பெயர்களும்

நாங்கள் அதிக நேரம் நின்றது இந்த இடத்தில்தான். நீங்களும் ஆறுதலாகச் செய்யுங்கள்.

டிஎஸ்-160 என்பது அமெரிக்க வீசாவுக்கு இணையத்தில் நிரப்புகிற விண்ணப்பம். இதைப் போனில் நிரப்ப முயல வேண்டாம், மடிக்கணினிதான் சரி. இருபது நிமிடம் அளவில் எதையும் தொடாமல் விட்டால் பக்கம் தானாக மூடிவிடும். கரண்ட் போய் வரும் ஊரில் இருக்கிற நாங்கள், தொடங்கியவுடன் தருகிற விண்ணப்ப இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் சேமியுங்கள். விட்ட இடத்தில் இருந்து திரும்பத் தொடங்க அந்த இலக்கமும், குடும்பப் பெயரின் முதல் ஐந்து எழுத்துகளும், பிறந்த ஆண்டும், நீங்கள் தெரிவு செய்த இரகசியக் கேள்விக்கான விடையும் கேட்கும்.

குடும்பப் பெயர் என்றதும் எங்கள் ஆட்களுக்குத் தலை சுற்றும். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். கலியாணத்துக்குப் பிறகு சில பெண்களின் கடவுச்சீட்டில் கணவன் பெயர் இருக்கும், சிலருடையதில் இன்னும் தகப்பன் பெயர்தான். போதாததற்கு, பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று. இடம்பெயர்வில் பழைய பத்திரங்கள் தொலைந்து, பிறகு புதுப் பிரதி எடுத்த வீடுகளில் இந்த வித்தியாசம் கூடுதலாகவே இருக்கும்.

எது சரியான பெயர் என்று மண்டையைப் போட்டு உடைக்க வேண்டாம். கடவுச்சீட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில், அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியில் எல்கேஏ (LKA) என்ற மூன்று எழுத்துகளுக்குப் பின்னால் வருவது குடும்பப் பெயர். இரண்டு அம்புக்குறிகள் சேர்ந்து வரும் இடத்தில் அது முடிகிறது. அதற்குப் பின்னால் வருவதெல்லாம் மற்றப் பெயர்கள். வீசாப் படிவம், கப்பல் பதிவு, விமான ரிக்கெற் மூன்றிலும் இந்த வரியில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரோ, முதலெழுத்துச் சுருக்கமோ வேண்டாம். சிலருக்குக் கடவுச்சீட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். அப்படியானவர்களுக்கு அமெரிக்க வீசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயராகவும், மற்ற இடத்தில் 'முதற்பெயர் தெரியாது' என்பதன் சுருக்கமான எஃப்என்யு (FNU) என்ற மூன்று எழுத்துகளும் வரும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கப்பல் கம்பனிக்கு எழுதி, பதிவில் எப்படிப் போட வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

கணவன் மனைவியின் குடும்பப் பெயர்கள் வேறு வேறாக இருப்பது கப்பலில் ஒரு பிரச்சினையே இல்லை. ஒரே அறை தருவார்கள். ஆனாலும் திருமணச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றைக் கையில் வைத்திருப்பது என் விருப்பம்.

அதே படிவத்தில், எப்போதாவது ஆயுதக் குழு ஒன்றில் இருந்தீர்களா, அதனோடு தொடர்பு இருந்ததா என்ற கேள்வி வரும். வன்னியில் வாழ்ந்த எங்களுக்கு இது சின்னக் கேள்வி இல்லை. விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997 ஆம் ஆண்டிலேயே தடைப் பட்டியலில் போட்டுவிட்டது. இதில் முகவர் சொல்கிறார் என்று எதையும் மறைக்காதீர்கள். உண்மைக்கு மாறாக எழுதிப் பின்னர் தெரியவந்தால், வாழ்நாள் முழுக்க அந்த நாட்டுக் கதவு மூடலாம். உங்கள் வாழ்க்கையில் இதைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தால், படிவத்தை அனுப்ப முன்னர் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் கதையுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

படி 3: நேர்முகம்

சுற்றுலா வீசாவுக்கான கட்டணம் 2023 நடுப்பகுதியில் இருந்து ஒருவருக்கு 185 டொலர். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது திரும்பாது. கட்டுகிற அன்று தூதரகப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒன்றாக ஒரே நேரத்துக்குப் பதியலாம்.

கிளிநொச்சியில் இரவு பஸ் ஏறி, விடியக் கொழும்பில் இறங்கி, நேரே தூதரகத்துக்குப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். முதல் நாளே போய் வெள்ளவத்தையில் ஒரு அறை எடுங்கள். தூதரகம் அதே காலி வீதியில் கொள்ளுப்பிட்டியில்தான் இருக்கிறது. நித்திரையோடு போகிற முகமும் நித்திரை இல்லாத முகமும் ஒன்றல்ல. போனையும் பெரிய பையையும் அறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி, வீசா கேட்கிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடப் போகிறவர் என்றுதான் அதிகாரி எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை, திரும்பி வருவோம் என்று காட்டுவது எங்கள் பொறுப்பு. இதற்காகக் கட்டுக் கட்டாகப் பத்திரம் கொண்டுபோகிறோம், ஆனால் பெரும்பாலும் அவர்கள் கேட்கிற கேள்விக்கு நாங்கள் சொல்லும் பதிலைத்தான் கவனிக்கிறார்கள், பத்திரத்தைப் புரட்டுவது குறைவு. என்ன தொழில், யார் வீட்டில் இருக்கிறார்கள், எத்தனை நாள், யார் காசு. இந்த நான்குக்கும் ஒவ்வொரு வசனத்தில் பதில் தயாராக இருக்கட்டும். கணவனும் மனைவியும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும், ஆகவே முதல் நாள் இரவு கதைத்து வையுங்கள்.

காணி உறுதி இல்லையே என்று பலர் கேட்கிறார்கள். வன்னியில் கனபேருக்குக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரம்தான் இருக்கிறது. அது அரச காணிக்கான அனுமதிதான், ஆனாலும் அதில்தான் வயல் செய்கிறீர்கள். கேட்டால் அப்படியே சொல்லுங்கள்.

வீசா ஒட்டி வந்ததும், உள்நுழைவு எண்ணிக்கை என்ற இடத்தில் எம் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பலமுறை நுழையலாம் என்பதன் அடையாளம் அது. கப்பல் அமெரிக்காவை விட்டுப் போய்த் திரும்ப நுழைகிறது, அதனால் இது முக்கியம்.

படி 4: எந்தக் கப்பல், எந்தப் பாதை

இரண்டு பக்கம் இருக்கிறது. கலிபோர்னியாவில் இருந்து பசிபிக் கரையோரமாக கபோ சன் லூக்கஸ், மசாட்லான், புவெர்ட்டோ வல்லார்ட்டா போகிற ஏழு இரவுப் பயணம் ஒன்று. மயாமி, கால்வெஸ்டன் போன்ற இடங்களில் இருந்து கரீபியன் பக்கமாக கொசுமெல், கொஸ்டா மாயா, புரோகிரெசோ போவது மற்றது. மாயன் கோயில்கள் பார்க்க ஆசை என்றால் இரண்டாவது. கணவன் மனைவி இருவருமாகக் கடலைப் பார்த்துக்கொண்டு கிடக்க ஆசை என்றால் முதலாவது. எங்களுக்கு முதலாவதுதான் பிடித்தது.

மூன்று நான்கு இரவில் என்செனாடா மட்டும் போய்த் திரும்பும் மலிவுப் பயணமும் உண்டு. அந்த ஊர் அவ்வளவு அடிக்கடி வரக் காரணம் ஒரு பழைய சட்டம். 1886 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்காவில் புறப்பட்டு அமெரிக்காவுக்கே திரும்புவதென்றால் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். லொஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிட்ட இருப்பது என்செனாடா. அங்கே கடல்நீர் பாறை இடுக்கால் பீறிட்டு எழும்பும் லா புஃபடோரா இருக்கிறது. ஆனால் இவ்வளவு தூரம் பறந்து போய் மூன்று இரவோடு திரும்புவதை நான் சொல்ல மாட்டேன்.

காலம்: பசிபிக் பக்கம் வைகாசி நடுவில் இருந்து கார்த்திகை முடியும்வரையும், அத்திலாந்திக் பக்கம் ஆனி முதல் கார்த்திகை வரையும் சூறாவளிக் காலம். எங்கள் காலபோக அறுவடை முடிந்து கையில் காசும் நேரமும் வருகிற நாட்கள் அதற்கு வெளியில்தான் விழுகின்றன. மாசியில் போனால் கபோ பக்கம் திமிங்கலம் பார்க்கலாம். பங்குனியில் அங்கத்தைய மாணவர் விடுமுறை, ஈஸ்டர் கிழமையில் மெக்சிகோக்காரரே கடற்கரைக்கு வந்து விடுவார்கள். அந்த இரண்டையும் விட்டு விலகி நில்லுங்கள்.

துறைமுகத்தில் அன்றைக்கு எத்தனை கப்பல் நிற்கிறது என்று குரூஸ்மேப்பர் தளத்தில் பார்க்கலாம். நான் எந்த முகவரையும் விட இதையே நம்புகிறேன். ஒரே நாளில் நிறையக் கப்பல் நிற்கும் திகதியைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

படி 5: காசும் அறையும்

விளம்பரத்தில் இருக்கும் விலை ஒருவருக்கு, அதுவும் ஒரு அறையில் இருவர் என்ற கணக்கில். அதனால் சோடியாகப் போகிறவர்களுக்கு வசதி. அதோடு துறைமுக வரி சேரும். 2025 ஜூலையில் மெக்சிகோ ஒரு கப்பல் பயணிக்கு 5 டொலர் எடுக்கத் தொடங்கியது, 2028 வரையில் படிப்படியாக 21 டொலருக்கு உயர்த்துவதாகத் திட்டம். பணியாளர் அன்பளிப்பு பெரும்பாலான கம்பனிகளில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 டொலருக்கு மேல் தானாகவே கணக்கில் ஏறும். இதை முதலே கூட்டிப் பார்க்காவிட்டால் கடைசி நாள் பில் கனக்கும்.

குடிபானப் பொதி வாங்கும் எண்ணம் இருந்தால், ஒரே அறையில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும் என்பது பல கம்பனிகளின் விதி. இருவரில் ஒருவர் குடிக்காதவர் என்றால் பொதியே வேண்டாம், குடிக்கிறதுக்குத் தனித்தனியாகக் கொடுங்கள்.

அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தட்டுக்களில் என்றால் ஆட்டம் குறைவு. பசிபிக் பக்கம் அலை பெரிது. இருவர் மட்டும் போகிற பயணத்துக்கு நான் மற்றச் செலவைக் குறைத்தாவது பால்கனி அறை எடுக்கச் சொல்வேன். யன்னல் இல்லாத உள்ளறையில் பகல் எது இரவு எது என்று தெரியாது. கட்டிலை இரண்டாகவா ஒன்றாகவா போட வேண்டும் என்று பதிவிலேயே குறிக்கலாம்.

மீதிப் பணத்தைப் பெரும்பாலும் 75 முதல் 90 நாட்களுக்கு முன் கட்டி முடிக்க வேண்டும். அந்தத் திகதியை நாட்காட்டியில் சிவப்பில் எழுதுங்கள். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குக் கார்ட் திறந்திருக்கிறதா என்று வங்கியில் முதலே கேளுங்கள். கப்பலுக்குள் கடன் அட்டைதான் நல்லது, டெபிட் கார்ட்டில் ஒரு தொகையை முடக்கி வைத்து விடுவார்கள். காப்புறுதி கட்டாயம் எடுங்கள். கப்பல் வைத்தியரின் கட்டணம் டொலரில், அறைக் கணக்கிலேயே ஏறும்.

படி 6: புறப்படும் நாளும் கரையிறங்கும் நாட்களும்

டோஹா அல்லது டுபாய் வழியாக லொஸ் ஏஞ்சல்ஸ் போகலாம். அங்கே குளிர்கால நேரம் எங்களை விடப் பதின்மூன்றரை மணி பின்னால். இரண்டு நாள் முந்தியே போய் இறங்குங்கள். கப்பல் உங்களுக்காக நிற்காது. உங்கள் கப்பல் சன் பெட்ரோவிலா, லோங் பீச்சிலா என்று பாருங்கள். இரண்டும் அருகருகே இருந்தாலும் வேறு முனையங்கள்.

கரையிறங்கும் நாட்களில் போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் நேரம் வேறாக இருக்கலாம். குளிர்காலத்தில் புவெர்ட்டோ வல்லார்ட்டா லொஸ் ஏஞ்சல்ஸை விட இரண்டு மணி முன்னால். அதனால் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டி, அதைக் கப்பல் நேரத்துக்கு வைத்திருங்கள். கபோவில் கப்பல் கரையில் கட்டாது, சின்னப் படகில்தான் இறக்குவார்கள். ஏற இறங்க நேரம் ஒதுக்குங்கள். வல்லார்ட்டாவில் குவாதலூப்பே மாதா கோயிலை மறக்காதீர்கள். மடு மாதா கோயிலுக்குப் போய்ப் பழகின சனத்துக்கு அங்கே கும்பிடுகிற கூட்டம் பழக்கமான காட்சியாக இருக்கும்.

பின்னர் சேர்த்தது

சாப்பாடு பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். மச்சம் சாப்பிடாதவர்கள் முதல் நாள் இரவே சாப்பாட்டு மண்டபத்தின் தலைமைப் பரிமாறுநரிடம் சொன்னால், பல கப்பல்களில் அடுத்த நாளில் இருந்து இந்தியச் சைவச் சாப்பாடு தருவார்கள். வீட்டில் சமைத்ததைக் கப்பலுக்குள் விடமாட்டார்கள். சோறு குக்கர், கேத்தில், அயன்பெட்டி மூன்றையும் வாசலில் எடுத்துவிடுவார்கள்.

கனடா வீசா இருக்கிறது, அது போதுமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தா. மெக்சிகோவுக்குள் நுழைய அது உதவும், ஆனால் அமெரிக்காவில் கப்பல் ஏற உதவாது. அமெரிக்க வீசா வேண்டும்தான்.

புதிதாகக் கலியாணம் முடித்த ஒரு தங்கச்சி கேட்டதையும் சேர்க்கிறேன். பயணம் முடிகிற நாளுக்குள் கர்ப்பம் 24 ஆவது கிழமையைத் தொடுமென்றால் பெரும்பாலான கம்பனிகள் ஏற்றாது. அதற்கு முந்திய நிலையென்றாலும் வைத்தியர் கடிதம் கேட்பார்கள். திகதி போட முன்னர் கணக்குப் பார்த்து, உங்கள் கம்பனியின் விதியையும் வாசித்துவிட்டு முற்பணம் கட்டுங்கோ.