மூக்குத்தி எந்தப் பக்கம்? முதல் குறும்படத்துக்குக் கதை தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் ஒரு குழு முதல் குறும்படம் எடுக்க முடிவு செய்துவிட்டால், அநேகமாக முதலில் நடப்பது கேமராவுக்கு முன்பணம் கொடுப்பதுதான். இரண்டு நாள் வாடகைக்குக் கேமரா, யாரோ ஒருவருடைய அண்ணனிடம் இருக்கும், கேமராவை ஆடாமல் பிடிக்கும் ஜிம்பல், முடிந்தால் ஒரு டிரோன் என்று எல்லாம் ஏற்பாடாகி, நாயகன் யார் என்பதும் விடுதி அறையிலேயே தீர்மானமான பிறகு, படத்தை ஒப்படைக்கப் பத்து நாள் இருக்கும்போது, "மச்சி, கதை ஏதாவது இருக்கா?" என்ற கேள்வி எழுகிறது. அந்தப் பத்து நாளில் என்ன கதை கிடைக்கும் என்பதைக் கல்லூரித் திரையிடல்களுக்கு நடுவராகப் போய்வந்த எவரும் சொல்லிவிடுவார்கள். அலாரம் அடிக்கும், போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அதை அணைக்கும், நாயகன் பல் துலக்குவான், பைக்கில் போவான், யாரையோ தேடுவான். கடைசியில் அவன் இறந்து பல நாளாகிவிட்டது என்று தெரியவரும். இல்லாவிட்டால் எல்லாமே கனவாக இருக்கும்.

இது திறமைக் குறைவால் வருவதில்லை. இதே மாணவர்கள் தேநீர்க் கடையில் தங்கள் ஊரைப் பற்றிப் பேசும்போது ஒவ்வொருவரிடமும் இரண்டு படத்துக்கான சங்கதி இருக்கிறது. ஆனால் 'கதை' என்று சொன்ன மாத்திரத்தில் ஊரை மறந்துவிட்டு, ஏற்கெனவே பார்த்த படங்களுக்குள் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவையே.

படம் பார்ப்பது தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. நிறையப் பார்க்க வேண்டும். பார்த்த படத்திலிருந்து எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சத்யஜித் ராய் 1950இல் லண்டனுக்கு அனுப்பப்பட்டபோது, சுமார் ஆறு மாதத்தில் 99 படங்கள் பார்த்தார். அவற்றில் அவரை உலுக்கியது 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படம். ஆனால் 1955இல் வெளிவந்த அவருடைய முதல் படமான 'பதேர் பாஞ்சாலி' சைக்கிள் திருட்டைப் பற்றிய கதை இல்லை. தெருவிலேயே படம் எடுக்கலாம், நடித்துப் பழகாதவர்களை நடிக்க வைக்கலாம், மிகச் சாதாரணமான ஓர் இழப்பே ஒரு படத்தைத் தாங்கும் என்ற துணிவைத்தான் அவர் அங்கிருந்து எடுத்துவந்தார். வங்காளக் கிராமத்தைப் பற்றிய கதையை வங்க நாவல் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டார். நம் மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கொரியப் படத்தின் கதையை எடுத்துக்கொண்டு, அதை அந்தப் படமாக ஆக்கிய பொறுமையை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். பிடித்த படத்தைப் பார்த்து முடித்ததும், "இதில் என்ன நடந்தது?" என்று எழுதிவைப்பதைவிட, "இந்தக் காட்சியில் எனக்கு எந்த நொடியில் தொண்டை அடைத்தது, அப்போது திரையில் என்ன இருந்தது?" என்று எழுதிவைப்பது பயன் தரும்.

அடுத்த தவறு, கருத்திலிருந்து தொடங்குவது. போதைப்பொருள் கூடாது, தலைக்கவசம் அணிய வேண்டும், பெற்றோரைக் கைவிடக் கூடாது என்ற வாக்கியங்களில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் முடிவு முதலிலேயே தெரிந்துவிட்டதால், பாத்திரங்கள் அந்த முடிவை நோக்கி இழுத்துச் செல்லப்படும் பொம்மைகளாகிவிடுகிறார்கள். தந்தை நல்லவர், மகன் கெட்டவன். இருவருக்கும் அதற்கு மேல் செய்ய ஒன்றும் இருப்பதில்லை. கேமராவால் கருத்தைப் படம் பிடிக்க முடியாது. ஒரு கை, ஒரு கதவு, நீட்டிய ரூபாய்த் தாளை வாங்காமல் நிற்கும் ஒருவர் என்று கண்ணுக்குத் தெரிவதைத்தான் அது பிடிக்கும். எனவே தேட வேண்டியது கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை.

எப்படிப்பட்ட ஒன்றை என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு நகரத்து போட்டோ ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் அளவுப் படத்துக்காகக் காத்திருந்தபோது, எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் உள்ளே வந்தார். இறந்துபோன மனைவியின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும். அவரிடம் இருந்த ஒரே படம் வாக்காளர் அடையாள அட்டையில் இருந்ததுதான். ஸ்டுடியோக்காரர் அதை ஸ்கேன் செய்து, முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, கணினியில் தயாராக வைத்திருந்த பட்டுப்புடவை உருவம் ஒன்றின் மேல் பொருத்தினார். "ஐயா, புடவை என்ன கலர்ல போடட்டும்?" என்றார். பெரியவர் யோசிக்காமல் "அரக்கு" என்றார். பொட்டு பெரிதா சிறிதா என்ற கேள்விக்கும் உடனே பதில் வந்தது. "மூக்குத்தி எந்தப் பக்கம்?" என்று கேட்டதும் அவருடைய விரல் தன் மூக்கின் இடப்பக்கத்துக்குப் போயிற்று, ஒரு கணம் நின்று வலப்பக்கத்துக்கு மாறியது, மறுபடியும் இடப்பக்கத்துக்கு வந்தது. ஐம்பது ஆண்டுகள் எதிரில் இருந்து பார்த்த முகம் அல்லவா, தன் முகத்தில் வைத்துக் காட்டப் போனால் பக்கம் குழம்பிவிடுகிறது. அட்டையில் இருந்த படமோ மங்கிப்போய் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் ஸ்டுடியோக்காரரைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் எந்திரிச்சு என்னைப் பார்த்து நில்லு" என்றார். அவர் எழுந்து நின்றார். பெரியவர் அந்த மீசை வைத்த முகத்தையே சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, அவருடைய மூக்கருகில் விரலைக் கொண்டுபோய், "இந்தப் பக்கம்" என்றார்.

ஓர் அறை, இரண்டு பேர், ஒரு கேள்வி. வசனம் பத்து வரிகூட இல்லை. ஒருவருக்கு ஒன்று தேவைப்படுகிறது, அதற்குத் தடை இருக்கிறது, தடையைத் தாண்ட அவர் செய்கிற செயல் கண்ணுக்குத் தெரிகிறது. முதல் குறும்படத்துக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது என் எண்ணம்.

இதை வகுப்பில் ஒரு பயிற்சியாகச் சொன்னேன். ஒரு மாணவர் ஆர்வத்தோடு எழுதிக்கொண்டு வந்தார். முதல் வடிவத்தில் பெரியவருக்கு அமெரிக்காவில் ஒரு மகன் முளைத்திருந்தான். அவன் தொலைபேசியை எடுப்பதில்லை. பெரியவர் முதியோர் இல்லத்திலிருந்து வந்திருந்தார். இறுதியில் கறுப்புத் திரையில் பெற்றோரைப் பற்றிய வாசகம் ஒன்று. இரண்டாவது வடிவத்தில் மகன் போய், மழையில் நனையும் இளம் தம்பதியின் ஃபிளாஷ்பேக் வந்திருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. கிடைத்த பொருள் சிறியதாக இருக்கிறதே என்ற அச்சம் எல்லோருக்கும் வரும். அந்த அச்சத்தில் அதன் மேல் தெரிந்த சாமான்களையெல்லாம் ஏற்றுகிறோம். மூன்றாவது முறை எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு அவர் எழுதியது மூன்றரைப் பக்கம். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது வழக்கமான கணக்கு என்பதால், நான்கு நிமிடத்துக்குள் முடிகிற படம். அந்த வடிவத்தில்தான், விரல் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குப் போகும் அந்தக் கணத்துக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்று யோசிக்கவே அவருக்கு இடம் கிடைத்தது.

சிறிய பொருள் போதாது என்ற அச்சத்துக்கு மாற்றாக நான் காட்டுவது, ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி 1970இல் எடுத்த முதல் குறும்படம். ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் சிறுவன் சந்தில் ஒரு நாயைக் கண்டு நின்றுவிடுகிறான். அதைத் தாண்டி எப்படிப் போவது என்பதுதான் படம் முழுக்க. ரொட்டியில் ஒரு துண்டைப் போட்டதும் நாய் அவனோடு வீடுவரை வந்து வாசலில் படுத்துக்கொள்கிறது. பிறகு அதே சந்தில் இன்னொரு சிறுவன் கையில் பாத்திரத்தோடு வருகிறான். பேச்சு அநேகமாக இல்லை, நீளம் பத்து நிமிட அளவுதான். நாய்க்குப் பயந்து சுற்றுவழியில் பள்ளிக்குப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதை ஒரு கதை என்று நமக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான தவறு, முழுநீளப் படத்துக்கான கதையைப் பத்து நிமிடத்துக்குள் அடைப்பது. தமிழில் இதற்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படங்கள் எடுத்த கார்த்திக் சுப்புராஜ், பாலாஜி மோகன், நலன் குமரசாமி ஆகியோர் 2012, 2013 ஆண்டுகளில் அடுத்தடுத்து முழுநீளப் படங்களோடு வந்தார்கள். பாலாஜி மோகனின் முதல் முழுநீளப் படமே அவருடைய குறும்படத்தின் விரிவுதான். அப்போதிருந்து குறும்படம் என்பது தயாரிப்பாளரிடம் நீட்டும் விசிட்டிங் கார்டு என்ற எண்ணம் மாணவர்களிடம் ஊறிவிட்டது. அந்த ஆசையைப் பழிக்க நான் யார்? ஆனால் தயாரிப்பாளரை மனத்தில் வைத்து எழுதப்படும் குறும்படத்தில் நாயகன் அறிமுகம், காதல், சண்டை, துரோகம் என்று எல்லாவற்றுக்கும் ஒன்றரை நிமிடம் வீதம் ஒதுக்கப்பட்டு, எதுவும் நிகழாமல் எல்லாம் அறிவிக்கப்படுகின்றன. 'ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு' என்ற எழுத்து உங்கள் திரைக்கதையில் இருக்குமானால், அதற்கு முன்னால் உள்ளதையோ பின்னால் உள்ளதையோ வெட்டிவிட்டு மீதம் நிற்கிறதா என்று பாருங்கள்.

சிறுகதையிலிருந்து எடுப்பது நல்ல வழி, தமிழில் அதற்குக் குறையும் இல்லை. ஆனால் உரிமையைப் பற்றி யோசிக்காமல் எடுப்பது தவறு. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகளை இன்று யாரும் படமாக்கலாம். உயிரோடிருக்கும் எழுத்தாளரின் கதை என்றால் அவரிடம் கேட்க வேண்டும். மாணவர் படம் என்றால் பலர் மறுப்பதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். 'நன்றி' என்று கடைசியில் பெயர் போட்டுவிடுவது அனுமதி ஆகாது. திரைப்பட விழாவுக்கு அனுப்பும்போது எழுத்துப்பூர்வமான ஒப்புதலைக் கேட்டால் அங்கேயே படம் நின்றுவிடும். நண்பரின் வீட்டில் நடந்த துயரத்தைக் கதையாக்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அங்கே சட்டத்தைவிட, அந்த வீட்டுக்கு மறுபடியும் சாப்பிடப் போக முடியுமா என்பதுதான் கேள்வி.

உந்துதல் வரட்டும் என்று காத்திருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது வேலையைத் தள்ளிப்போடுவதன் இன்னொரு பெயர். ஒரு மாதம், நாளுக்கு ஒரு குறிப்பு என்று எழுதுங்கள். ஆனால் எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். 'பேருந்தில் ஒரு ஏழைத் தாயைப் பார்த்தேன், மனம் வலித்தது' என்ற குறிப்பு ஒரு வாரத்தில் செத்துவிடும். அதில் உங்கள் மனம் இருக்கிறதே தவிர அந்தத் தாய் இல்லை. 'குழந்தைக்கு அரை டிக்கெட் எடுக்க வேண்டாம் என்பதற்காக, நடத்துநர் நெருங்கியதும் அதை மடியில் இறக்கிக் குனியச் சொன்னாள்; குழந்தை அவரைப் பார்த்து, எனக்கு ஆறு வயசு என்றது' என்று எழுதியிருந்தால் ஆறு மாதம் கழித்தும் அது உயிரோடிருக்கும். கைப்பேசியில் எடுத்த படம் இதற்கு மாற்றாகாது. படத்தில் எல்லாமே இருப்பதால், உங்களை நிறுத்தியது எது என்பது அதில் இருக்காது.

கடைசியாக ஒன்று, கதை பிடித்த பிறகு இடம் தேடுவது. கையில் காசு இல்லாத மாணவருக்கு, நுழைய முடிகிற இடமும் கதை தரும் ஊற்றுதான். அத்தை நடத்தும் தையல் கடை, மாமா வேலை பார்க்கும் அரிசி ஆலை, ஞாயிற்றுக்கிழமை பூட்டிக்கிடக்கும் தட்டச்சுப் பயிலகம் என்று உங்களுக்குக் கதவு திறக்கிற இடங்களை முதலில் எழுதிக்கொண்டு, அங்கே போய் ஒரு முழுநாள் உட்கார்ந்திருங்கள். ராய்க்கே இடம் கையைவிட்டுப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுத்துவந்த அவர், நாணல் பூத்த வயலில் ஒரு காட்சியில் பாதியை எடுத்துவிட்டு அடுத்த வாரம் திரும்பிப் போனபோது மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்கும்வரை காத்திருந்துதான் மீதியை எடுத்தார். கேமராவை இரண்டே நாளுக்கு வாடகைக்கு எடுத்தவரால் அப்படிக் காத்திருக்க முடியாது.

மூன்றரைப் பக்கம் எழுதிய அந்த மாணவர், தன் தெருமுனையில் இருந்த ஸ்டுடியோவுக்குப் போய் அனுமதி கேட்டார். கடைக்காரர் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, அரக்குப் புடவை உருவம் தன்னிடமும் இருக்கிறது என்றார். காலை ஒன்பது மணிக்குள் வந்தால் மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுத்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆள் வந்துவிடும் என்றார். பெரியவராக நடிப்பவர் யாரைப் பார்த்து விரலை நீட்டுவார் என்று அவர் கேட்டபோதுதான், ஸ்டுடியோக்காரர் வேடத்துக்கு இன்னும் ஆள் பார்க்கவில்லை என்பது மாணவருக்கு நினைவு வந்தது.