தேனீக்கள் பெட்டியை விட்டு ஓடுவது ஏன்?

ஆடி மாதத்தில் தேன்பெட்டி காலியானால் குமரி மாவட்டத்தில் முதலில் நோயைத்தான் சொல்வார்கள். அதற்குக் காரணம் உண்டு. 1991-92இல் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியப் பெட்டிகளைச் சூறையாடியதை மார்த்தாண்டம் பக்கத்துப் பெரியவர்கள் மறக்கவில்லை. ஆனால் வீட்டுத் தோப்பில் நான்கைந்து பெட்டி வைத்திருப்பவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது பட்டினியைத்தான். அதுவும் நாமே உண்டாக்கிய பட்டினி.

மாசி, பங்குனியில் ரப்பர் மரத்தின் புதுத் தளிர்களில், இலைக்காம்பு நுனியில் மதுரம் சுரக்கும். பெட்டி நிறையும். சீசன் முடியும் நேரத்தில் மேலே உள்ள தேன் அறையோடு நிற்காமல், கீழே குஞ்சுகள் வளரும் புழு அறையின் அடைகளில் மேல்விளிம்பில் இருக்கும் தேனையும் வெட்டி எடுப்பதுதான் பெருந்தவறு. அது மழைக்காலத்துக்குத் தேனீக்கள் சேர்த்து வைத்த சோறு. இந்தியத் தேனீ பசியோடு நெடுநாள் காத்திருக்காது. ராணியோடு மொத்தக் குடும்பமும் கிளம்பிவிடும். முதல் வருடம் நானும் ஒரு கிலோ தேனுக்கு ஆசைப்பட்டு அப்படி வெட்டினேன். ஒரு நல்ல குடும்பத்தை இழந்தேன். இன்றும் மனம் ஆறவில்லை.

ஆனி முதல் புரட்டாசி வரை வாரம் ஒருமுறை சர்க்கரைப் பாகு கொடுங்கள். சர்க்கரையும் கொதித்து ஆறிய நீரும் சம அளவு போதும். சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்காமல் நாலு குச்சி போட்டு, அந்தி சாய்ந்த பிறகு பெட்டிக்குள் வையுங்கள். பகலில் வெளியே சிந்தினால் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளைக்கு வந்துவிடும். தேன் வரும் காலத்தில் பாகு கொடுக்கவே கூடாது, அது கலப்படம்.

தேனீ குறைந்த பெட்டியில் எல்லா அடைகளையும் அப்படியே விடுவதும் தவறு. தேனீ மூடாத அடையில் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடும். அந்த அடைகளை எடுத்துவிட்டு, அடிப்பலகையைத் துடையுங்கள். பெட்டிக்கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

அடையில் முக்கால் பங்காவது மெழுகால் மூடியிருந்தால்தான் தேன் எடுக்கலாம். இல்லையேல் புளித்துவிடும்.

பூத்திருக்கும் மரத்துக்கு மருந்து அடிக்கவே வேண்டாம். பக்கத்துத் தோப்புக்காரர் அடிப்பதாக இருந்தால், தேனீ கூடடைந்த பிறகு மாலையில் அடிக்கச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். தேன் எடுக்கும்போது அவர் வீட்டுக்கும் ஒரு குப்பி கொடுங்கள்.