காஸ்ட்லி சாக் வாங்கும்போது பாக்கெட்டை நம்பி செய்ற தப்புகள்

பாறை, சுவர் ஏறுற க்ளைம்பிங்ல கொஞ்சம் சீரியஸா இறங்கினதும் எல்லாரும் ஒரு நாள் வந்து நிக்கிற கேள்வி இது, கை வேர்வையைக் காய வைக்கத் தடவுற சாக் பவுடரை சாதாரண பிளாக்கா (கட்டியா) வாங்கலாமா இல்ல பல மடங்கு விலை சொல்ற அந்த ப்ரீமியம் பாக்கெட்டா. ரெண்டும் அடிப்படையில ஒரே மெக்னீசியம் கார்பனேட் தாங்க. 1950கள்ல ஜான் கில்ங்கற அமெரிக்க க்ளைம்பர் ஜிம்னாஸ்டிக்ஸ்ல இருந்து பாறைக்குக் கொண்டு வந்த அதே வெள்ளப் பவுடர். (ஸ்கூல் சாக்பீஸ் வேற, அது ஜிப்சம் இல்லன்னா கால்சியம் கார்பனேட், அதைப் பொடிச்சு இடுப்புல கட்டற சாக் பேக்ல போட்டுட்டு வந்துடாதீங்க.)

பெரிய தப்பு "99% ப்யூர்"னு போட்டிருந்தா அங்கயே விழுந்துடுறது. எதுல 99%னு யாருமே கேக்கறது இல்ல. நம்ம கைல தடவுற பவுடர் பெரும்பாலும் வெறும் மெக்னீசியம் கார்பனேட் கிடையாது, கொஞ்சம் ஹைட்ராக்சைடும் கிறிஸ்டலுக்குள்ளயே பிடிச்சு வச்ச தண்ணியும் சேர்ந்த ஒரு வடிவம் அது, அதனாலதான் மருந்து தரத்துக்கான அமெரிக்க விதிமுறைல கூட இதை கார்பனேட் சதவீதமா சொல்லாம மெக்னீசியம் ஆக்சைடு கணக்குல 40ல இருந்து 43.5% வரை இருக்கணும்னு வச்சிருக்காங்க. மாத்திரை செய்யப் போற பவுடருக்கே கணக்கு இப்படின்னா, பாக்கெட்ல இருக்கற 99 எந்தக் கணக்குன்னு விக்கிறவங்க தான் சொல்லணும். சரி, நெஜமாவே ப்யூர்னே வச்சுக்குவோம், மிச்சம் இருக்கற ஒண்ணு ரெண்டு சதவீதம் கால்சியத்தால உங்க விரல் வழுக்குதுன்னு அளந்து காட்டினாங்களா? சுத்தத்தை அளந்துட்டு க்ரிப்பை அளந்த மாதிரி பேசறதுதான் இந்த விளம்பரங்களோட மொத்த வித்தையும்.

இதுலயே இன்னொண்ணு, வினிகர் ஊத்திப் பாருங்க, பொங்கினா கால்சியம் கலப்படம்னு ஒரு டெஸ்ட் சொல்வாங்க. மெக்னீசியம் கார்பனேட்டும் ஆசிட்ல பொங்கத்தான் செய்யும், கார்பன் டை ஆக்சைடு ரெண்டுல இருந்தும் வரும். அந்த டெஸ்ட்டை வச்சு எந்த பாக்கெட்டையும் தூக்கிப் போடாதீங்க. அப்புறம் இது ஏதோ கிடைக்காத அரிய பொருள்ங்கற மாதிரியும் பேசுவாங்க, நம்ம சேலத்துல வெள்ளைக்கல்னு வெட்டி எடுக்கறாங்களே மேக்னசைட், இயற்கைல கிடைக்கற மெக்னீசியம் கார்பனேட் அதுதான். அது உலைக்கான செங்கல் செய்யத்தான் போகுது, அது வேற விஷயம்.

டெக்ஸ்சருக்கு காசு குடுக்கறது அடுத்தது. ஃபைன் (நைஸ் பொடி), சங்கி (chunky, கட்டி கட்டியா), சூப்பர் சங்கின்னு தனித்தனி பேர்ல விப்பாங்க. வேற எதுவும் கலக்கலன்னா வித்தியாசம் எவ்வளவு நுணுக்கியிருக்காங்கங்கறது தான். ஒரு பிளாக் வாங்கி பையிலயே போட்டு கையால உடைங்க, வேணுங்கற சைஸ் வந்துடும்.

இப்போ லேப் நம்பர். ஸ்வீடன்ல உப்சாலா யுனிவர்சிட்டில 2013ல உப்சலைட்னு ஒரு நுண்துளை மெக்னீசியம் கார்பனேட் பத்தி பேப்பர் வந்துச்சு, ஒரு கிராமுக்கு சுமார் 800 சதுர மீட்டர் பரப்பளவு, ஈரத்தை நல்லா இழுக்கும். நெஜமாவே அருமையான பொருள், அதை சாக்ல கலந்தும் வித்திருக்காங்க. ஆனா அந்த 800 சுத்தமான உப்சலைட்டுக்கு. உங்க பையில அது எத்தனை சதவீதம்? சென்னை மாதிரி ஊர்ல வாய் தொறந்து கிடக்கற சாக் பேக்ல, நீங்க சுவத்துல ஏறறதுக்கு முன்னாடியே அது காத்துல இருக்கற ஈரத்தை எவ்வளவு குடிச்சிருக்கும்?

எனக்கு இதுல ரொம்ப சுவாரசியமான விஷயம் என்னன்னா, சாக் போட்டா க்ரிப் கூடுமாங்கறதுலயே ஆராய்ச்சிகள் ஒத்துப் போகல. 2001ல வந்த ஒரு ஆய்வுல சாண்ட்ஸ்டோன், கிரானைட், ஸ்லேட் மூணுலயும் சாக் உராய்வைக் குறைக்குதுன்னு வந்துச்சு, தோல் காஞ்சு போறதும் நடுவுல பவுடர் ஒரு லேயரா நிக்கறதும் காரணமா இருக்கலாம்னு சொன்னாங்க. 2012ல இன்னொரு ஆய்வு சாண்ட்ஸ்டோன், லைம்ஸ்டோன்ல கூடுதுன்னு சொல்லுது. சாக் இருக்கு, இல்லங்கறதுக்கே இந்த நிலைமை, அப்போ எங்க சாக் மத்த சாக்கை விட இவ்வளவு சதவீதம் அதிக க்ரிப்னு போட்டா எந்தப் பாறைல, எவ்வளவு வேர்வைல, எத்தனை பேர் கைலன்னு கேட்டே ஆகணும். கூடவே அந்த 2001 ரிசல்ட்ல நமக்கு ஒரு லாபம் இருக்கு, அதிகமா அப்பாதீங்க, கையை ஊதித் தட்டிட்டு ஏறுங்க, ஹோல்ட்ல (கையால பிடிக்கற இடத்துல) கட்டியா அப்பியிருக்கற பழைய சாக்கை ப்ரஷ் போட்டு எடுங்க. கர்நாடகால பாதாமி சாண்ட்ஸ்டோன்ல ஏறப் போனா நைலான் இல்லன்னா பன்றி முடி ப்ரஷ் தான், கம்பி ப்ரஷ் பாறையையே சுரண்டிடும்.

டஸ்ட் வராதுன்னு சாக் பால் (துணிப் பந்துக்குள்ள அடைச்ச சாக்) வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஜெர்மனில இண்டோர் ஹால்கள்ல தூசியை அளந்து பாத்தப்போ சாக் பால் பெருசா குறைக்கல, லிக்விட் சாக்ல தான் நல்லா குறைஞ்சுது. லிக்விட்ல ஆல்கஹால் இருக்கும், தோல் ஏற்கனவே வெடிச்சிருந்தா பாத்து, சிலதுல ரோசின் (பைன் மரப் பிசின்) சேக்கறாங்க, அது ஹோல்ட்ல பிசினா ஒட்டும், லேபிளைப் படிச்சிட்டு வாங்குங்க.

இவ்வளவுக்கு அப்புறமும் காஸ்ட்லி சாக் வித்தியாசம் தெரியுதுன்னு தோணினா ஃப்ரெண்டு கிட்ட குடுத்து ரெண்டையும் ஒரே அளவுக்கு நுணுக்கி, பேர் தெரியாத ரெண்டு பையில போடச் சொல்லுங்க. கையைக் கழுவிட்டு, அதே ரூட், நடுவுல நல்லா ரெஸ்ட், எந்தப் பை முதல்லன்னு அவரே காசு சுண்டி முடிவு பண்ணட்டும், ஒரு தடவை இல்ல, வேற வேற நாள்ல பல தடவை. எது எதுன்னு நீங்க சரியா சொல்லிட்டே வந்தா தாராளமா வாங்குங்க, காய வைக்கற பொருள் ஏதாவது கூடுதலா கலந்திருந்தா ரொம்ப வேர்க்கற கைக்கு வித்தியாசம் தெரியவும் வாய்ப்பு இருக்கு.