ஐரோப்பாவில் ரயிலா, பஸ்ஸா: டிக்கெட் எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, வெனிஸ் என்று பட்டியல் போட்டதும் பலர் மொத்தப் பயணத்துக்கும் ரயில் பாஸ் வாங்கிவிடுகிறார்கள். இல்லையென்றால், காசு மிச்சம் என்று எல்லாவற்றையும் பஸ்ஸிலேயே போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கும் தனித்தனியாகத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு யூரோஸ்டார் அதிவேக ரயில் மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். பஸ்ஸுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு ஆகும். பிராக்–மியூனிக் இதற்கு நேர்மாறு. எல்லை ஓரத்தில் ரயில் பாதை வளைந்து வளைந்து மெதுவாகப் போவதால், நெடுஞ்சாலையில் போகிற பஸ் பெரும்பாலும் முந்திவிடும்.

பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே பாஸான யூரெயில் பாஸ் வாங்கியவர்கள் சறுக்குவது முன்பதிவில். பாஸ் இருந்தால் சீட் உறுதி என்று அர்த்தமில்லை. ஜெர்மனி, ஆஸ்திரியாவின் உள்நாட்டுப் பகல் ரயில்களில் பெரும்பாலும் பாஸைக் காட்டி ஏறிக்கொள்ளலாம். அதிவேக ரயில்களான பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸ்ஸா, யூரோஸ்டார் மூன்றிலும் சீட் முன்பதிவு கட்டாயம், அதற்குக் கட்டணமும் தனி. யூரோஸ்டாரில் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கிய சீட்டுகள் குறைவு. கோடையில் அவை தீர்ந்துவிட்டால், ரயிலில் இடம் இருந்தும் பாஸ் உதவாது. பாஸ் விலையோடு இந்தக் கட்டணங்களையும் கூட்டி, முன்கூட்டியே எடுக்கும் தனி டிக்கெட்டுகளின் மொத்தத்தோடு ஒப்பிட்ட பிறகு வாங்குங்கள்.

பஸ் விலையை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. பெர்லினின் மத்திய பஸ் நிலையம் நகரின் மேற்குக் கோடியில். ரயில் நிலையமோ நட்டநடுவில். வியன்னாவில் எர்ட்பெர்க், ஆம்ஸ்டர்டாமில் ஸ்லோட்டர்டைக் என்று பஸ்கள் ஒதுக்குப்புறமாகவே நிற்கும். அங்கிருந்து அறைக்குப் போகும் மெட்ரோ காசும் நேரமும் டிக்கெட் விலையில் தெரியாது. வெனிஸுக்கு ரயிலில் போகிறவர்கள் ‘மெஸ்த்ரே’ நிலையத்தில் இறங்கிவிடக் கூடாது, அது தீவு நகரத்துக்கு வெளியே நிலப்பகுதியில் இருக்கிறது. கால்வாய்க் கரையில் இறக்கிவிடுவது சாந்தா லூச்சியா.

ஐரோப்பா முழுக்க ஓடும் ஃப்ளிக்ஸ்பஸ் நிறுவனத்தின் பஸ்ஸில் அடியில் வைக்க ஒரே பெட்டிதான்: 20 கிலோ, 80×50×30 செ.மீ. விமானத்துக்கு 23 கிலோ கட்டிய பெரிய சூட்கேஸ், நீளத்தில் தப்பினாலும் 30 செ.மீ. தடிமனில் மாட்டும். இரண்டாவது பெட்டிக்குத் தனிக் காசு. ரயிலில் பொதுவாக எடை போட மாட்டார்கள், ஆனால் படியேற்றித் தூக்கி வைக்க போர்ட்டரும் கிடைக்க மாட்டார்.

வண்டி மாறுவதில்தான் அதிகப் பணம் போகிறது. இரண்டு ரயிலுக்கும் தனித்தனி டிக்கெட் எடுத்து, நடுவில் இருபது நிமிஷம் விட்டிருந்தால், முதல் ரயில் தாமதமானதும் இரண்டாவது டிக்கெட் வீண். புறப்படும் ஊரிலிருந்து போய்ச் சேரும் ஊர் வரை ஒரே டிக்கெட்டாக எடுத்தால் அடுத்த ரயிலில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. ஜெர்மனியின் மலிவான ‘ஷ்பார்பிரைஸ்’ டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். ஆனால் போய்ச் சேர 20 நிமிஷம் அல்லது அதற்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டு தளர்ந்து, வேறு ரயிலில் ஏறலாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ரயில் ஒரு மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரம் என்றால் 50 சதவீதம் கேட்கலாம் (இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு). பஸ் தாமதமாகச் சேர்ந்தால் அப்படி இழப்பீடு கிடையாது. விமானம் பிடிக்க வேண்டிய நாளில் பஸ்ஸைத் தவிர்க்க இதுவே போதுமான காரணம்.

இரவு பஸ்ஸில் ஹோட்டல் காசு மிச்சம் என்பது பாதி உண்மை. காலை ஆறுக்கு இறங்கினால் அறை மதியம் இரண்டு, மூன்றுக்குத்தான் கிடைக்கும்.

குரோஷியாவின் துப்ரோவ்னிக்குக்கு ரயிலே கிடையாது; ஸ்ப்ளிட்டிலிருந்து பஸ்தான். 2022இல் திறந்த பெல்யெஷாத்ஸ் பாலம் வழியாகப் போனால் குரோஷியாவுக்குள்ளேயே போய்ச் சேரலாம். நெயூம் வழியாகப் போகும் பஸ் போஸ்னியாவுக்குள் நுழைந்து வெளியே வரும். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் நாடுகளில் குரோஷியா உண்டு, போஸ்னியா இல்லை. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவில் அந்த வழியைத் தொடக்கூடாது. டிக்கெட் எடுக்கும்போதே எந்த வழி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.