சாரணர் பிள்ளைகளுக்குக் கூடுதல் விருதுகள்: எங்கே தேடுவது, எப்படி முடிப்பது

பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான், அதற்கு மேல் ஆளுநர் தரும் ராஜ்ய புரஸ்கார், கடைசியில் குடியரசுத் தலைவர் விருது. சாரணர் இயக்கம் என்றால் நம் பள்ளிகளில் எல்லோருக்கும் தெரிந்தது இந்த வரிசைதான். ஒரு சோபானுக்கும், அதாவது ஒரு படிக்கும், அடுத்ததற்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி இருக்கிறது. ஆர்வமாக வந்து சேர்ந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை சலித்துப்போய் விலகுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் சாரணர் படை நடத்தும் எனக்கு, அதை நிரப்பக் கூடுதல் விருதுகளும் செயல்பாடுகளும் ரொம்பவே கைகொடுத்தன. புதிதாகப் படை ஆரம்பித்திருக்கும் சாரண ஆசிரியர்களுக்காகவும் சாரணியர் தலைவிகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள்

வெளியே போவதற்கு முன் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் விதிநூலான ஏ.பி.ஆர்.ஓ.-வைத் திறந்து பாருங்கள். இரண்டாம் பாகம் சாரணர்களுக்கு, மூன்றாம் பாகம் சாரணியருக்கு. சோபானுக்குக் கட்டாயமான திறன் பேட்ஜ்களைத் தவிர, தேர்ந்தெடுத்துக்கொள்ளக் கூடியவை அதில் நிறைய இருக்கின்றன. சைக்கிள், சமையல், முகாம், இயற்கை ஆர்வலர், உலக இயற்கைப் பாதுகாப்பு என்று நம் பிள்ளைகளுக்குத் தோதானவை பல. ஒவ்வொன்றையும் அந்தத் துறை தெரிந்த ஒருவர் சோதித்துப் பார்க்க வேண்டும். சைக்கிள் பேட்ஜுக்குப் பஞ்சர் கடைக்காரர், முதலுதவிக்கு ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் என்று யோசியுங்கள். யாரைத் தேர்வாளராக வைக்கிறீர்கள் என்பதை மட்டும் மாவட்ட ஆணையரிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

படை முழுவதும் சேர்ந்து செய்ய விரும்பினால் பிரதமர் கேடயப் போட்டி இருக்கிறது. தனி ஆளின் திறமையைவிட, படைக்குள் இருக்கும் சிறு குழுக்களான அணிகள் தொடர்ந்து செய்யும் வேலைக்கு அதில் மதிப்பு அதிகம் என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

அப்புறம் உலக அளவில்

எளிதாகத் தொடங்க, உலகெங்கும் உள்ள சாரணர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ஜோட்டா-ஜோட்டி. ஜோட்டா 1957 முதல் வானொலி வழியாக நடக்கிறது, ஜோட்டி இணையம் வழியாக. ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் ஒரு வார இறுதியில் வரும். பள்ளிக் கணினியில் ஒரு நல்ல இணைய இணைப்பு இருந்தால் போதும், பென்னாகரத்துப் பிள்ளை பிரேசில் சாரணனிடம் பேசிவிடலாம். அதற்கு முன் இணையப் பாதுகாப்புப் பாடத்தை எல்லோரும் முடிக்கட்டும். பெற்றோர் சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

சுற்றுச்சூழல் பக்கம் என்றால் ‘டைட் டர்னர்ஸ்’. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் பிளாஸ்டிக் ஒழிப்புச் சவால் இது, மூன்று நிலைகளாக ஏறும். ஒகேனக்கல்லுக்குக் கல்விச் சுற்றுலா போகும் பள்ளிகள் அதையே முதல் நிலைக்கான களமாக எடுத்துக்கொள்ளலாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. இருந்தும் ஆற்றங்கரையில் என்னென்ன கிடக்கிறது என்று பிள்ளைகளே வகை பிரித்து எண்ணட்டும்.

பறவை பார்க்கும் பிள்ளைகளுக்குப் பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பும், நம் ஊரின் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இருக்கின்றன. ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று பார்த்ததை எழுதினாலே போதும். தருமபுரிக்காரர்களுக்கு ராமக்காள் ஏரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு கே.ஆர்.பி. அணை, ஓசூர்க்காரர்களுக்குக் கெலவரப்பள்ளி அணை. இணையத்தில் ஏற்றும்போது ஆசிரியர் கணக்கிலிருந்தே ஏற்றுங்கள். இது சாரணர் பேட்ஜ் கிடையாது. ஆனால் இயற்கை ஆர்வலர் பேட்ஜுக்குப் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்க்கவில்லை.

நான் எல்லோருக்கும் முதலில் பரிந்துரைப்பது ‘மெசஞ்சர்ஸ் ஆஃப் பீஸ்’ என்ற அமைதித் தூதர் திட்டம். உலக சாரணர் அமைப்பு 2011-இல் தொடங்கியது. உங்கள் ஊருக்கு என்ன தேவையோ அதையே சேவைத் திட்டமாக எடுத்துச் செய்து முடித்தால், உலக சாரணர் பேட்ஜைச் சுற்றி அணியும் வளைய பேட்ஜுக்குத் தகுதி வரும்.

நம் மாவட்டங்களுக்கு அப்படி ஒரு திட்டம் கண்முன்னே இருக்கிறது: ஃப்ளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் அது அதிகம், அளவு மீறினால் பல்லில் கறை படியும். அதனால்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தரநிர்ணயம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போய்விடும் என்று இன்னும் பல வீடுகளில் நம்புகிறார்கள். போகாது. நீர் ஆவியாகி, மிஞ்சும் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். இந்த ஒரு செய்தியைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே முழுமையான சேவைத் திட்டம்தான். எந்தத் தெரு ஒகேனக்கல் தண்ணீர் குடிக்கிறது, எது இன்னும் போர் தண்ணீரை நம்பியிருக்கிறது என்று அணிவாரியாக வரைபடம் போடலாம். தண்ணீரைச் சோதிக்க குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தை அணுகுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பு: யாருடைய பல் கறையையும் சுட்டிக்காட்டிப் பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது.

ஆதாரம்: எல்லோரும் சிக்கும் இடம்

வேலை நன்றாக நடந்திருக்கும், விண்ணப்பம் போடும்போது கையில் ஒன்றும் இருக்காது. இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தொடங்குவதற்கு முன் இருந்த நிலையை முதலில் பதிவு செய்யுங்கள். பள்ளிக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டை அள்ளித் தோட்டம் போட்ட பிறகு, அங்கே குப்பை இருந்தது என்பதற்கு என்ன சாட்சி? வேலை தொடங்கும் நாளுக்கு முன்பே ஒரு படம், அதே இடத்தில் நின்று வேலை முடிந்ததும் ஒரு படம். எங்கே நின்றோம் என்பதற்கு ஒரு வேப்பமரத்தையோ கம்பத்தையோ அடையாளமாக வைத்துக்கொண்டால் இரண்டு படமும் பொருந்தும்.

அடுத்தது சேவை மணிநேரம். இதை ஆள் கணக்கில் எழுத வேண்டும். 16 பிள்ளைகள் 2 மணிநேரம் வேலை செய்தால் அது 32 மணிநேரம். பாதியில் கிளம்பிய பிள்ளைக்கு அவன் இருந்த நேரம் மட்டும்தான். வருகையை அன்றைக்கே அணித் தலைவர் எழுதட்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அன்று நேரில் பார்த்த பெரியவர் ஒருவரின் கையெழுத்து வேண்டும். வார்டு உறுப்பினர், அங்கன்வாடி ஊழியர், தலைமையாசிரியர் யாராக இருந்தாலும் சரி.

பதிவுக்கு நான் சொல்வது கோடு போடாத லாங் சைஸ் நோட்டுதான். செயலிகள் பல இருக்கின்றன, ஆனால் நோட்டில் பிள்ளை தானே எழுதுகிறது, படம் வரைகிறது, கேள்வி கேட்டால் பதில் சொல்கிறது. நேர்முகத் தேர்வில் அது தெரிந்துவிடும். போனில் எடுத்த படங்களை விருதின் பெயரில் தனித்தனி ஃபோல்டராக வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் விட்டுவைத்தால் தேவைப்படும்போது கிடைக்காது.

பெயரும் பிறந்த தேதியும் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் இருக்கட்டும். தலைப்பெழுத்து முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில் என்று மாறினால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும்.

அணிவதற்கு முன் கேளுங்கள்

வெளி அமைப்பு தந்த பேட்ஜை எல்லாம் சீருடையில் தைத்துவிட முடியாது. எதை எங்கே அணியலாம் என்பதை மாவட்டச் செயலாளரிடம் கேட்டுவிட்டுத் தையுங்கள். மற்றவற்றை நோட்டின் அட்டையில் ஒட்டிவைக்கலாம், பிள்ளைகளுக்கு அதுவும் பெருமைதான். ‘பணம் கட்டினால் உடனே சான்றிதழ்’ என்று வரும் இணைப்புகளைப் பிள்ளைகளுக்கு அனுப்பவே வேண்டாம். உழைப்பில்லாமல் வரும் சான்றிதழ், உழைத்து வாங்கியதையும் சேர்த்து மதிப்பிழக்கச் செய்யும்.

பின்சேர்க்கை

ஊத்தங்கரை ஆசிரியை ஒருவர், சாரணர் வயதுக்குக் கீழே உள்ள சின்னப் பிள்ளைகளான குருளையர் (சிறுவர்), நீலப்பறவையருக்கு (சிறுமியர்) இதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார். அவர்களுடைய படிக்கட்டு வேறு, குருளையருக்கு ‘சரண்’ என்ற நிலைகள் வழியாகவும் நீலப்பறவையருக்கு ‘பங்க்’ என்ற நிலைகள் வழியாகவும் தங்க அம்பு விருதுக்குப் போகும். மேலே சொன்னவற்றில் பறவைக் கணக்கெடுப்பு அவர்களுக்குப் பொருத்தம். அதிகபட்சம் பத்துப் பிள்ளைகளை மட்டும் அழைத்துப் போங்கள், ஏரிக்கரையில் தண்ணீரிலிருந்து தள்ளியே நிற்க வையுங்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து இன்னொரு கேள்வி: காட்டோரப் பள்ளிகள் வெளிச் செயல்பாடு எப்படிச் செய்வது? காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது, யானை நடமாட்டம் உள்ள பகுதி. வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலமாக அனுமதி வாங்காமல் காட்டுக்குள் போகவே வேண்டாம். வனக்காவலரைப் பள்ளிக்கு அழைத்துப் பேசச் சொன்னால் அதையும் நோட்டில் ஒரு பக்கமாகச் சேர்க்கலாம். அவர் கையெழுத்தையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.