அலுவலக டியூப் லைட்டுகளை எல்இடிக்கு மாற்றுவது எப்படி? புதிதாகத் தொழிலுக்கு வரும் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர்களுக்கு

2015 ஜனவரியில் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கிய பிறகு நாடு முழுவதும் 36 கோடிக்கு மேல் எல்இடி பல்புகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. வீட்டில் குண்டு பல்பைப் பார்ப்பதே இன்று அரிது. ஆனால் தமிழ்நாட்டில் பழைய அலுவலகம், ஜவுளிக்கடை, டியூஷன் சென்டர் என்று எங்கே நுழைந்தாலும் செம்பு சோக் போட்ட 40 வாட் டியூப் இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. உங்களைப் போன்ற சின்ன கான்ட்ராக்டர்களுக்கு அங்கே நிறைய வேலை காத்திருக்கிறது.

வேலையைப் பெரும்பாலானோர் செய்யும் விதம் எனக்குத் தெரியும். பன்னிரண்டு டியூப் இருந்ததா, பன்னிரண்டு எல்இடி வாங்கு, மாட்டு, பில் போடு. கரண்ட் பில் குறையும், உண்மைதான். ஆனால் அறை முன்பைவிட இருட்டாகிவிட்டால் ஆறு மாதத்தில் ஓனரே நான்கு லைட்டைக் கூடுதலாக மாட்டச் சொல்வார், மிச்சம் பிடித்ததில் பாதி போய்விடும். முதலில் வெளிச்சத்தை அளக்க வேண்டும், வாட் கணக்கு அதற்கு அப்புறம். கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்த வரிசையில்தான் போகின்றன.

உதாரணத்துக்கு 9 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் உள்ள ஓர் அலுவலக ஹாலை எடுத்துக்கொள்வோம். 12 பழைய டியூப், மூன்று ஃபேன், ஒரு பக்கம் ஜன்னல்.

படி 1: இருப்பதை அளந்து எழுதுங்கள்

வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். செல்போன் ஆப் ஒவ்வொரு போனிலும் ஒவ்வோர் எண்ணைக் காட்டும், அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. ஜன்னல் வெளிச்சம் கலக்காமல் இருக்க மாலை இருட்டிய பிறகு போங்கள். மீட்டரை மேசை உயரத்தில், அதாவது தரையிலிருந்து முக்கால் மீட்டரில் வைத்து, ஹாலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் அளந்து சராசரி எடுங்கள். உங்கள் உடம்பின் நிழல் மீட்டரின் மேல் விழக்கூடாது.

அடுத்தது மின்சாரம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரை எடுத்து 230ஆல் பெருக்கினால் செம்பு சோக் டியூப் ஒன்று கிட்டத்தட்ட 100 வாட் எடுப்பதாகத் தெரியும். அது உண்மையான வாட் இல்லை. செம்பு சோக்கின் பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டின் பங்கு, பாதி அளவுக்குத்தான் இருக்கும். டியூபுக்கு 40, சோக் சூடாகி வீணாக்குவது 10 முதல் 15 என்று சேர்த்தால் உண்மையில் 50 முதல் 55 வாட். 100 வாட் என்று காட்டி ஓனருக்குச் சேமிப்பைச் சொன்னால், அடுத்த பில் வந்ததும் உங்கள் பேச்சு எடுபடாது.

சரி, எப்படி அளப்பது? இடத்திலேயே ஒரு நல்ல கருவி இருக்கிறது, மின்வாரிய மீட்டர்தான். அதில் சிவப்பாகச் சிமிட்டும் சின்ன விளக்கு உண்டு. ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும், உதாரணமாக 3200. லைட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 5 நிமிடம் எண்ணுங்கள். 166 சிமிட்டல் வந்தால், 166ஐ 3200ஆல் வகுத்து 12ஆல் பெருக்க (ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு 5 நிமிடம்) 0.622 கிலோவாட். அதாவது 622 வாட். 12 டியூபுக்குத் தலா 52 வாட் என்ற கணக்கோடு இது பொருந்துகிறது. ஓனரைப் பக்கத்தில் நிற்க வைத்து எண்ணுங்கள். வேலை முடிந்த அன்றும் இதே போல எண்ணிக் காட்டப் போகிறீர்கள்.

படி 2: எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

உள்ளரங்க வெளிச்சத்துக்கு ஐஎஸ் 3646 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. பொது அலுவலகத்துக்கு அது 300 முதல் 750 லக்ஸ் வரை சொல்கிறது, வகுப்பறைக்கு 200 முதல் 500 வரை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஹால் முழுக்க 300 போதும் என்பது என் கருத்து. ரசீது பார்த்துக் கணக்கு எழுதும் மேசைக்கு மட்டும் ஒரு மேசை விளக்கு கொடுத்துவிடலாம். ஹால் முழுவதையும் 500க்கு ஏற்றுவதைவிட இது மலிவு, கண்ணுக்கும் நல்லது.

படி 3: எத்தனை லைட் என்று கணக்கிடுங்கள்

பெட்டியில் வாட்டைப் பார்க்காதீர்கள், லைட் தரும் மொத்த வெளிச்சத்தைச் சொல்லும் லூமனைப் பாருங்கள். 20 வாட் பேட்டன் (டியூப் போல நீளமான முழு எல்இடி லைட்) என்று எழுதியிருப்பவற்றில் 1,800 லூமன் தருவதும் உண்டு, 2,400 தருவதும் உண்டு. விலையில் கொஞ்சம்தான் வித்தியாசம், வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம்.

கணக்கு இதுதான்: வேண்டிய லக்ஸை அறையின் பரப்பால் பெருக்குங்கள். ஒரு லைட்டின் லூமனைப் பயன்பாட்டுக் குணகத்தாலும் பராமரிப்புக் குணகத்தாலும் பெருக்கி, முதலில் வந்த எண்ணை இதனால் வகுங்கள். பயன்பாட்டுக் குணகம் என்பது லைட்டிலிருந்து கிளம்பும் வெளிச்சத்தில் எவ்வளவு மேசைக்கு வந்து சேருகிறது என்பது. வெள்ளைச் சுவர், வெள்ளைக் கூரை என்றால் 0.6 போடலாம். பழுப்பேறிய சுவர் என்றால் 0.5க்குக் கீழே இறங்கிவிடும். பராமரிப்புக் குணகம் தூசிக்கும் வயதுக்கும் விடும் தள்ளுபடி, 0.8 போடுங்கள்.

நம் ஹாலுக்கு 300 × 54 = 16,200. கீழே 2,400 × 0.6 × 0.8 = 1,152. வகுத்தால் 14.06, ஆக 14 பேட்டன். மொத்தம் 280 வாட்.

பழைய 12க்குப் பதில் 14 வருகிறது என்று பயப்பட வேண்டாம். பழைய டியூப் புதிதாக இருக்கும்போதே சுமார் 2,450 லூமன்தான். தூசி படிந்து முனை கறுத்த பிறகு அந்த ஹாலில் 200 லக்ஸ்கூட இருந்திருக்காது. படி 1இல் நீங்கள் எழுதி வைத்த அளவை எடுத்துக் காட்டினால் ஓனருக்கு இது புரியும். இப்போது வெளிச்சம் பாதி மடங்கு கூடுகிறது, மின்சாரம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. சுவருக்கு வெள்ளையடிக்கும் திட்டம் ஓனருக்கு இருந்தால், முதலில் அதை முடிக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு லைட்டே குறையலாம்.

படி 4: பணக் கணக்கு

சேமிப்பு 624 − 280 = 344 வாட். தினம் 9 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் வருடத்துக்கு 2,808 மணி. ஆக சுமார் 966 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 9,660 ரூபாய். பேட்டன், ஒயர், கூலி எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்குள் முடித்தால் ஒரு வருடத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும். யூனிட் விலையை மட்டும் ஓனரின் பில்லிலிருந்தே எடுங்கள். வணிக இணைப்புக்கு ஒரு விலை, வீட்டுக்கு வேறு விலை.

படி 5: வாங்கும்போது

பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இல்லாத சரக்கைத் தொடாதீர்கள். பவர் ஃபேக்டர் 0.9க்கு மேல், நிறங்களை இயல்பாகக் காட்டும் அளவான நிறத்தெளிவு எண் (சிஆர்ஐ) 80க்கு மேல் இருக்க வேண்டும். சர்ஜ் (வோல்டேஜ் திடீரென எகிறுவது) தாங்கும் அளவு 4 கிலோவோல்ட் என்று போட்டிருந்தால் மழைக்காலத்தில் நிம்மதி. நம் ஊரில் எல்லோரும் 6500 கெல்வின் பளீர் வெள்ளையைத்தான் கேட்பார்கள். நாள் முழுக்க உட்காரும் இடத்துக்கு 4000 கெல்வின் எவ்வளவோ மேல், ஒன்றை மாட்டிக் காட்டுங்கள். எதை எடுத்தாலும் ஒரே பேட்சில் எடுங்கள், கூடவே இரண்டு உபரி. வேறு பேட்சில் ஒன்று நடுவில் வந்தால் நிற வித்தியாசம் தனியாகத் தெரியும்.

சாம்பிளை எரியவிட்டு போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். பட்டைபட்டையாக ஓடினால் அந்த லைட்டின் டிரைவர் (எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் உள் சர்க்யூட்) தரம் குறைந்தது. லேத், தையல் மெஷின் போன்று சுழலும் இயந்திரம் உள்ள இடத்தில் அப்படிப்பட்ட லைட் ஆபத்து. சுற்றும் சக்கரம் நிற்பது போலத் தெரியும்.

படி 6: கை வைக்கும் முன்

தமிழ்நாட்டில் ஒயரிங் வேலையை உரிமம் உள்ள கான்ட்ராக்டர், தகுதிச் சான்று உள்ள ஒயர்மேனைக் கொண்டுதான் செய்ய வேண்டும். உரிமம் இன்னும் வரவில்லை என்றால், உரிமம் உள்ளவரின் கீழ் வேலை செய்யுங்கள்.

மெயினை அணைத்தால் எல்லாம் செத்துவிட்டது என்று நினைப்பதுதான் அலுவலகக் கட்டடத்தில் உள்ள பெரிய ஆபத்து. பாதி லைட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். மெயின் போனதும் இன்வெர்ட்டர் தானாக விழித்துக்கொண்டு அந்த லைனுக்கு 230 வோல்ட் கொடுக்கும். முதலில் இன்வெர்ட்டரை அணையுங்கள், அப்புறம் மெயின் எம்சிபியை (கோளாறு வந்தால் தானாக விழும் சுவிட்ச்), அதன் மேல் ‘வேலை நடக்கிறது’ என்று ஒரு அட்டை. இரண்டும் அணைந்த பிறகே இன்வெர்ட்டரின் வெளியீட்டைக் கழற்றுங்கள். டெஸ்டரை நம்பாமல் மல்டிமீட்டரில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த் இரண்டையும் பாருங்கள். அந்த மீட்டர் வேலை செய்கிறதா என்பதை உயிருள்ள ஒரு பாயிண்டில் முன்னும் பின்னும் சோதியுங்கள்.

மூன்று ஃபேஸ் இணைப்பு என்றால் ஒவ்வொரு ஃபேஸின் வோல்டேஜையும் லோடு இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று 190, இன்னொன்று 265 என்று காட்டினால் நியூட்ரல் எங்கோ லூஸ். அதைச் சரிசெய்யாமல் எல்இடி மாட்டினால் ஒரே நாளில் மொத்தமும் எரிந்து போகலாம், பழியும் உங்கள் மேல்தான் வரும்.

ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்க மெக்கர் போடுவதாக இருந்தால் லைட் எதுவும் இணைப்பில் இல்லாதபோது போடுங்கள். 500 வோல்ட் சோதனை எல்இடி டிரைவரைக் கெடுத்துவிடும்.

படி 7: மாட்டுவது

பழைய ஃபிட்டிங்கை முழுதாகக் கழற்றிவிட்டுப் புதிய பேட்டனை மாட்டுவதையே நான் சொல்வேன். பத்துப் பதினைந்து வருடம் சூடு பட்ட ஹோல்டர் கையோடு நொறுங்கும்.

ஃபிட்டிங்கை வைத்துக்கொண்டு எல்இடி டியூப் மட்டும் போட வேண்டிய கட்டாயம் வந்தால், சோக், ஸ்டார்டர், உள்ளே கெப்பாசிட்டர் இருந்தால் அது, மூன்றையும் எடுத்துவிடுங்கள். டியூபின் மேல் உள்ள படத்தைப் படிக்காமல் ஒயரைத் தொடக்கூடாது. ஒருவகை டியூபுக்கு ஒரு முனையில் ஃபேஸ், மறு முனையில் நியூட்ரல். இன்னொரு வகைக்கு ஒரே முனையின் இரண்டு பின்களில் ஃபேஸும் நியூட்ரலும், மறு முனை சும்மா தாங்குவதற்கு மட்டும். இரண்டாம் வகைக்கு இணைத்த ஃபிட்டிங்கில் முதல் வகை டியூபை மாட்டினால் நேரே ஷார்ட் ஆகும். எனவே ஃபிட்டிங்கின் உள்ளே ‘சோக் இல்லை, எல்இடி டியூப் மட்டும்’ என்றும், எந்த முனையில் சப்ளை என்றும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மூன்று வருடம் கழித்து ஏணி ஏறுபவர் வேறு யாராகவோ இருப்பார்.

இடம் குறிக்கும்போது இரண்டு விஷயம். ஃபேன் இறக்கைக்கு மேலே லைட் வந்தால் நாள் முழுக்க நிழல் வெட்டிக்கொண்டே இருக்கும். தள்ளி மாட்டுங்கள், அல்லது இறக்கையைவிடக் கீழே இறக்குங்கள். இன்னொன்று, ஜன்னலுக்கு இணையாக வரிசை பிரித்து ஜன்னலோர வரிசைக்குத் தனி சுவிட்ச் கொடுங்கள். பகலில் அந்த வரிசை அணைந்திருந்தாலே நல்ல சேமிப்பு.

கழிப்பறைக்கும் மாடிப்படிக்கும் அசைவு சென்சார் போடலாம். நியூட்ரல் கேட்கும் சென்சாரா என்று பார்த்து வாங்குங்கள். சுவிட்ச் மட்டும் உள்ள போர்டில் பெரும்பாலும் நியூட்ரல் இருக்காது, பிளக் பாயிண்ட் உள்ள போர்டில் இருக்கும்.

அணைத்த பிறகும் லைட் மங்கலாக எரிகிறதா? சுவிட்ச் நியூட்ரலில் போயிருக்கலாம், அல்லது சுவிட்சுக்குள் இண்டிகேட்டர் இருக்கலாம். முதலாவது ஆபத்து, உடனே ஃபேஸுக்கு மாற்றுங்கள். எல்லா லைட்டையும் ஒன்றாகப் போடும்போது எம்சிபி விழுந்தால் அது தொடக்கத்தில் பாயும் மின்னோட்டம். லைட்டுகளை இரண்டு சர்க்யூட்டாகப் பிரியுங்கள், அல்லது ஒயரின் அளவைப் பார்த்து, அந்தத் தொடக்க மின்னோட்டத்தைத் தாங்கும் சி வகை எம்சிபி போடுங்கள். அதிக ஆம்பியர் எம்சிபி போட்டுச் சமாளிக்கக் கூடாது.

படி 8: பழைய டியூப்

ஒவ்வொரு டியூபிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடைத்துக் குப்பையில் போடுவது வழக்கமாகிவிட்டது, ஆனால் அந்த ஆவியை முதலில் சுவாசிப்பது உங்கள் ஹெல்பர்தான். புதிய பேட்டன் வந்த அட்டைப் பெட்டியிலேயே உடையாமல் அடுக்கி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். சோக்கில் உள்ள செம்புக்குப் பழைய இரும்புக் கடையில் காசு கிடைக்கும். அது ஓனருக்கு உரியது, கேட்டுவிட்டு எடுங்கள்.

படி 9: ஒப்படைப்பு

இருட்டிய பிறகு அதே கட்டங்களில் லக்ஸ், அதே மீட்டரில் 5 நிமிடச் சிமிட்டல். 166 இருந்த இடத்தில் 75 வர வேண்டும். முன், பின் அளவுகள், பேட்ச் எண், வாரன்டி தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை டிபி (எம்சிபிகள் உள்ள பெட்டி) கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

உங்கள் பையன்களைப் பழக்குவது

இதைப் படிக்கக் கொடுத்தால் மட்டும் போதாது. ஒரு பிளைவுட் பலகையில் பழைய டியூப் ஃபிட்டிங், எம்சிபி, சுவிட்ச், சின்ன இன்வெர்ட்டர் நான்கையும் மாட்டிக் கடையில் வையுங்கள். முதலில் சோக், ஸ்டார்டரோடு இணைக்கச் சொல்லுங்கள், அப்புறம் இரு முனை இணைப்பு, அப்புறம் ஒரு முனை இணைப்பு. இடையில் நீங்கள் வேண்டுமென்றே சுவிட்சை நியூட்ரலுக்கு மாற்றி வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மெயினை அணைத்ததும் கையை நீட்டுகிறானா, இன்வெர்ட்டரைத் தேடுகிறானா என்று கவனியுங்கள். தேடாத பையனை ஏணி ஏற விடாதீர்கள். தேடுபவனுக்கு லக்ஸ் மீட்டரைக் கொடுத்து, உங்கள் கடையையே அளந்து எத்தனை லைட் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அது சரியாக வந்தால் அடுத்த வேலையின் படி 1ஐ அவனிடமே விடலாம்.