அப்பாவின் ஜனதாவை நான் கெடுத்த விதம்: வாட்ச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்பாலோருக்குக் கைக்கடிகாரப் பைத்தியம் கடையில் பிடிப்பதில்லை, பீரோவில்தான் பிடிக்கிறது. ஏதோ பத்திரம் தேடப் போவோம். பட்டுப்புடவைக்கு அடியில் கைக்குட்டையில் சுற்றிய வாட்ச் ஒன்று கிடைக்கும். அப்பாவுடையது, இல்லையென்றால் தாத்தாவுடையது. எத்தனையோ வருடங்களாக நின்று கிடந்ததாக இருக்கும். சும்மா சாவியை நாலு திருப்பு திருப்பினால் வினாடி முள் நகர ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தைக் காதருகே வைத்துக் கேட்டவர் அன்று இரவே இணையத்தில் பழைய வாட்ச்களின் விலையைத் தேடத் தொடங்கிவிடுவார்.

நம் வீடுகளில் அப்படிக் கிடைப்பது மத்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி.யின் வாட்சாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. ஜனதா, பைலட், காஞ்சன், சோனா என்று பெயர் வைத்து விற்றார்கள். மாப்பிள்ளைக்குச் சீராகவும், பரீட்சையில் தேறிய பையனுக்குப் பரிசாகவும், ஓய்வுபெறும் ஊழியருக்கு வழியனுப்பாகவும் அவை கைமாறின. 1984-ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூரிலிருந்து பேட்டரி வாட்ச்கள் வர ஆரம்பித்ததும் சாவி கொடுக்கும் வாட்ச்கள் ஒவ்வொன்றாகப் பீரோவுக்குள் போயின. 2016-ல் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. யாரும் சீந்தாமல் கிடந்த ஜனதாவுக்கு, மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் திடீரென்று மவுசு வந்தது.

என் பீரோவில் கிடைத்ததும் ஒரு ஜனதாதான். அப்பா அதை டயல் உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி கட்டுவார். அதனால் மேசையில் உரசி உரசிக் கண்ணாடி மங்கியிருந்தது. ஏழு மணிப் புள்ளிக்குப் பக்கத்தில் டீ சிந்தியதுபோல ஒரு பழுப்புக் கறை. சாவியின் பற்கள் அவர் விரல் பட்டே வழவழவென்று தேய்ந்திருந்தன. நான் செய்த முதல் காரியம், அதை ஒரு கடையில் கொடுத்து, “புதுசு மாதிரி ஆக்கிவிடுங்கள்” என்று சொன்னது. கடைக்காரர் சொன்னதைச் செய்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. டயலுக்குப் புது வெள்ளைப் பெயின்ட், வாட்சின் உலோகக் கூடான கேஸுக்கு பாலிஷ், புதுச் சாவி, புதுக் கண்ணாடி. பளபளவென்று வந்தது. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, “இது யாருடையது?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எழுத்துகளின் ஓரம் மை ஊறியதுபோல இருந்தது. நிமிடக் கோடுகள் மணிப் புள்ளிகளோடு நேராகச் சேரவில்லை. பாலிஷில் கேஸின் விளிம்புகள் எல்லாம் உருண்டு, சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிட்டது. டயலுக்கு இப்படி மறுபடி பெயின்ட் அடிப்பதைப் பழைய வாட்ச் சேர்ப்பவர்கள் ‘ரீடயல்’ என்பார்கள். மெஷின் ஓடும், வாட்ச் போய்விட்டது. கறை படிந்த அசல் டயலுக்குக் கிடைக்கும் மதிப்பில் பாதிகூடப் புதிதாகப் பெயின்ட் அடித்த டயலுக்குக் கிடைக்காது. அப்பாவின் வாட்சை விற்கப்போகிறவன் யார் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் எதைப் பார்த்து எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்ததோ, அதையே காசு கொடுத்து அழித்திருந்தேன்.

ஆகவே, கிடைத்த வாட்சைத் துடைப்பதோடு நிறுத்துங்கள். கடையில் கொடுத்தால் மெஷினைச் சுத்தம் செய்து எண்ணெய் விடச் சொல்லுங்கள்; டயல், முள், கேஸ் எதையும் தொடவேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். எதையாவது மாற்றியே ஆகவேண்டுமென்றால் கழற்றிய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பழைய எச்.எம்.டி.க்களின் கண்ணாடி பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். மேலோட்டமான கீறலைக் கொஞ்சம் பற்பசையும் பருத்தித் துணியும் வைத்துத் தேய்த்தே மறைத்துவிடலாம். மினரல் எனப்படும் நிஜக் கண்ணாடியில் இந்த வித்தை பலிக்காது.

பெயர் பொறித்த பின்மூடி கிடைத்தால் தப்பித்தவறியும் பாலிஷ் போட விடாதீர்கள். நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஏலம் போனது: ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல். அந்த மாடல் கடைகளில் விற்ற காலத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒன்று. அதன் பின்புறத்தில், காரைப் பத்திரமாக ஓட்டச் சொல்லி அவர் மனைவி பொறித்துக் கொடுத்த மூன்றே சொற்கள் இருந்தன. அதை யாரோ பளபளப்பாக்கித் தேய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஏலக்காரரைத்தான் கேட்கவேண்டும்.

இந்த ஏலச் செய்தியிலிருந்தே அடுத்த தவறும் பிறக்கிறது. வாட்ச் வாங்குவதை முதலீடு என்று வீட்டில் சொல்லிச் சமாளிப்பது. நானும் சொல்லியிருக்கிறேன்; யாரும் நம்பவில்லை, அது வேறு விஷயம். 2022-ன் தொடக்கத்தில் ரோலெக்ஸ், பாடெக் பிலிப் போன்றவற்றின் மறுவிற்பனை விலை உச்சத்துக்குப் போனது. இனி ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று கடன் வாங்கி வாங்கியவர்கள், சில மாதங்களில் அது சரிந்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விலை ஏறும் வாட்ச்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவை கடையைவிட்டு வெளியே வந்த கணமே விலை இறங்கும். விற்றால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி மனதில் எழுந்துவிட்டால் அந்த வாட்சை வாங்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது எண்ணிக்கைப் பசி. முதல் மூன்று மாதத்தில் ஐந்தாறு வாட்ச் வாங்காதவரை நான் பார்த்ததில்லை. இணையத்தில் மலிவு விலையில், ஆரஞ்சு, கிளிப்பச்சை, ரோஸ் என்று டயல் வைத்த பைலட்டுகளும் பழைய சுவிஸ் ஃபேவர் லூபாக்களும் ஜப்பானிய சீக்கோக்களும் குவிந்து கிடக்கின்றன. ‘சர்வீஸ் செய்யப்பட்டது, அசல்’ என்று கூடவே எழுதியிருப்பார்கள். பல வாட்ச்களின் உறுப்புகளைக் கழற்றி ஒன்றாகச் சேர்த்து, நிறுவனம் கனவிலும் நினைக்காத நிறத்தைப் பூசி விற்பவை இவை. வெளிநாட்டில் சேர்ப்பவர்கள் இவற்றுக்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்படி ஆறு வாங்கும் பணத்தில் யோக்கியமான ஒன்று கிடைக்கும். நண்பர் ஒருவர் ஒன்பது வாங்கினார். இப்போது இரண்டு ஓடுகின்றன, அதிலும் ஒன்று தன் இஷ்டத்துக்கு.

இதைத் தவிர்க்க ரகசிய வித்தை எதுவும் இல்லை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று போதும். டயல், முட்கள், பின்மூடி, திறந்த மெஷின் ஆகிய நான்கின் படமும் இல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள். அதே மாடலின் அசல் படத்தைப் பக்கத்தில் வைத்து, எழுத்தின் தடிமன், முள்ளின் நீளம், டயலின் அடியில் இருக்கும் பொடி எழுத்து எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பழைய சீக்கோவாக இருந்தால் பின்மூடியில் உள்ள வரிசை எண்ணே பேசும்: முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். அந்த மாடல் வெளிவராத காலத்து எண் பின்னால் இருந்தால், வேறொரு வாட்சின் முதுகை இதில் மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

விலை குறைந்த வாட்சுக்கு யார் போலி செய்யப்போகிறார்கள் என்று நினைக்கவேண்டாம். 1989-ல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ-வுக்கே போலி இருக்கிறது. வலப்புறப் பொத்தானை மூன்று வினாடி அழுத்திப் பிடித்தால் திரையில் நிறுவனத்தின் பெயர் வரவேண்டும். வராவிட்டால் போலி. வந்துவிட்டது என்பதற்காக மட்டும் அசல் என்று முடிவுகட்டவும் முடியாது.

இனி கையில் இருப்பதைக் கெடுக்கும் தவறுகள். முதலிடம் தேதிக்கு. கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வாட்ச், இரண்டு நாள் கட்டாமல் விட்டால் நின்றுவிடும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு, நாளைக்குக் கட்டலாம் என்று எடுத்து, சாவியைப் பாதி இழுத்துத் தேதியைத் திருகுவோம். மணி பத்தரை. வாட்சும் பத்தரை காட்டினால் அந்த நேரத்தில் உள்ளே தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் ஏற்கெனவே பிடித்திருக்கும். ஒருபக்கம் மெஷின் மெதுவாகத் தள்ள, மறுபக்கம் நாம் வேகமாகத் தள்ள, நடுவில் மாட்டிய பல் ஒடியும். இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை மூன்று வரை தேதியைத் தொடாதே என்று சொல்வது இதனால்தான். நின்றுபோன வாட்ச் காட்டுவது பகலா இரவா என்று நமக்குத் தெரியாது. ஆகவே முட்களை முதலில் ஆறரைக்குக் கொண்டுவந்துவிட்டு, முந்தைய நாள் தேதியை வைத்து, பிறகு முட்களை முன்னோக்கிச் சுற்றித் தேதி மாறவிட்டுச் சரியான நேரத்துக்கு வாருங்கள்.

தண்ணீர் அடுத்த எமன். ‘30 மீட்டர்’ என்று போட்டிருந்தால் முப்பது மீட்டர் ஆழம் என்று அர்த்தமில்லை. கை கழுவும்போது தெறிக்கும் நீருக்கும் தூறலுக்கும் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். குளிக்க, நீந்த அதை நம்பவேண்டாம். முக்குளிப்போருக்கான வாட்ச் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. 6425 தரப்படி குறைந்தது 100 மீட்டர் வேண்டும். அதிலும் ரப்பர் வளையம் வயதானால் எழுதியிருக்கும் மீட்டருக்கு மதிப்பில்லை. அப்பா காலத்து வாட்சுக்கு நம் ஊர் வியர்வையே போதும். சித்திரையில் கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் வெயிலில் காயவைக்காமல் அன்றே திறக்கக் கொடுங்கள், துரு காத்திருக்காது.

சாவி வாட்ச் நாளுக்கு இருபது வினாடி பிசகினால் பதறுகிறவர்களும் உண்டு. ஒரு நாளில் 86,400 வினாடி. துல்லியமான வாட்ச்களுக்குத் தரும் சுவிஸ் குரோனோமீட்டர் சான்றிதழே நாளுக்கு நான்கு வினாடி பின்னாலும் ஆறு வினாடி முன்னாலும் போக அனுமதிக்கிறது. நேரம் துல்லியமாக வேண்டுமென்றால் பேட்டரி வாட்ச் போதும். அதன் குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஆனால் நேற்றுவரை ஒழுங்காக ஓடியது இன்று திடீரென்று பல நிமிடம் வேகமாகப் போனால், காந்தம் ஏறியிருக்கலாம். ஸ்பீக்கர், காந்த மூடி வைத்த செல்போன் உறை, பிரிட்ஜ் கதவு எல்லாம் சந்தேகத்துக்குரியவை. கடையில் ஒரு நிமிடத்தில் காந்தத்தை எடுத்துவிடுவார்கள். முழு சர்வீஸ் என்று பில் போட்டால் ஏன் என்று கேளுங்கள்.

அதே நேரம், ஓடுகிறதே, எதற்கு சர்வீஸ் என்று விட்டுவிடுவதும் தவறு. எண்ணெய் காய்ந்தபின்னும் மெஷின் சில காலம் ஓடும். உலோகத்தோடு உலோகம் உரசி ஓடும். சாவி வாட்ச் வாங்கும்போதே, வாங்கிய விலையைவிட சர்வீஸ் கூலி அதிகமாக ஆகலாம் என்று கணக்கில் வையுங்கள். கட்டாமல் வைக்கும் பேட்டரி வாட்சில் தீர்ந்த பேட்டரியை அப்படியே விடாதீர்கள். அது கசிந்து மெஷினையே தின்றுவிடும்.

அளவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டயல் எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட, ஸ்ட்ராப் மாட்டும் மேல் நுனியிலிருந்து கீழ் நுனி வரை எவ்வளவு என்று பாருங்கள். அது மணிக்கட்டைத் தாண்டி வெளியே நீட்டினால் எவ்வளவு அழகான வாட்சும் இரவல் வாங்கியதுபோலத்தான் இருக்கும். மிகப் பழைய வாட்ச்களின் முட்களில் இருட்டில் ஒளிரப் பூசிய ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. ஒளி அணைந்திருந்தாலும் கதிர் அணைந்திருக்காது. வீட்டில் திறந்து சுரண்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

என் ஜனதா இன்றும் ஓடுகிறது. காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலை வரை தாராளமாகத் தாங்கும். இரண்டு வருடம் கழித்து அதே கடைக்குப் போய், கழற்றிய பழைய பாகங்கள் ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டேன். பழைய சாமான் போடும் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். நூறு சாவிகள் இருந்திருக்கும். விரல் பட்டுத் தேய்ந்தவையாக அதில் பத்துப் பன்னிரண்டு இருந்தன. எது அப்பாவுடையது என்று எனக்குத் தெரியவில்லை.